வேற்றுமொழித் தாய் பிரசவ வார்டுக்கு வரும்போது: செவிலியருக்கும் மருத்துவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரின் பனியன் நிறுவனங்கள், கோவையின் வார்ப்படத் தொழிற்கூடங்கள், ஒரகடம், ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகள், நாமக்கல் கோழிப் பண்ணைகள், சென்னையின் கட்டடப் பணியிடங்கள் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிரசவம் பார்க்கும் எவருக்கும், தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத கர்ப்பிணியைச் சந்திப்பது இன்று அன்றாட அனுபவம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து கணவரோடு வந்து, லைன் வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ குடியிருக்கும் இந்தப் பெண்களில் பலருக்கு இது முதல் பிரசவம். தாயும் மாமியாரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். இந்தக் கர்ப்பிணிகளை எப்படி அழைப்பது, என்ன கேட்பது, எதை எப்போது சொல்வது என்பதைப் பணி நடக்கும் வரிசையிலேயே இந்த வழிகாட்டி எடுத்துச் சொல்கிறது.

மரியாதை என்பது வேலை குறைவாக இருக்கும் நாளில் காட்டும் நற்பண்பு என்ற எண்ணம் நம் வார்டுகளில் பரவலாக இருக்கிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பிரசவ அறையில் நமக்கு வேண்டிய தகவல்களில் பாதி அந்தப் பெண்ணின் வாயிலிருந்துதான் வர வேண்டும்: பனிக்குடம் எப்போது உடைந்தது, குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறதா, தலைவலியும் கண் மங்கலும் உண்டா, முன்பு கர்ப்பம் கலைந்ததா என்பவற்றை அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அதட்டலுக்கு அஞ்சி ஒடுங்கிய பெண் எதையும் சொல்ல மாட்டார். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுவார். ஆகவே மரியாதையாகப் பேசுவதை ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு அறிக்கையில் பிரசவ நிலையங்களில் நிகழும் அவமதிப்பையும் துன்புறுத்தலையும் கண்டித்தது; 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில் மரியாதையான பராமரிப்பு, தெளிவான உரையாடல், தாய் விரும்பும் துணையாள் ஆகிய மூன்றையும் சேர்த்தது. நம் நாட்டில் 2017 டிசம்பரில் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறையின் தரத்தோடு இதையும் இணைத்தே மதிப்பிடுகிறது.

அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

வடக்கிலிருந்து வருகிற எல்லோருக்கும் இந்தி தாய்மொழி என்று கருதுவதுதான் முதல் தவறு. பீகார்ப் பெண்ணின் வீட்டு மொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ மகஹியாகவோ இருக்கலாம். ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண் சந்தாலியோ முண்டாரியோ குடுக்கோ பேசுபவராக இருந்து, இந்தியைப் பள்ளியிலும் சந்தையிலும் மட்டும் கேட்டிருக்கலாம். ஒடியாவும் வங்காளமும் அசாமியும் வேறு வேறு மொழிகள். வலியின் உச்சத்தில் எவரும் தாய்மொழிக்கே திரும்புவார்கள். எனவே பதிவு செய்யும்போதே எந்த மாநிலம், எந்த மாவட்டம், வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் தெரியும்படி எழுதி வையுங்கள். பணி மாறி வரும் அடுத்த செவிலியருக்கு அந்த ஒரு வரி பேருதவியாக இருக்கும்.

அவர் விட்டு வந்த ஊரின் மருத்துவப் பழக்கம் வேறு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான். அதே ஆய்வில் சிசேரியன் பிரசவம் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், பீகாரில் 9.7 சதவீதம். நமக்கு அன்றாடமாகிவிட்ட ‘பெரிய ஆபரேஷன்’ அவருடைய உறவுகளில் ஒருவருக்கும் நடந்திருக்காமல் இருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் வெளிறுவதற்கும், கணவர் ஊருக்குப் போன் செய்ய வெளியே ஓடுவதற்கும் காரணம் அறியாமையன்று. அவர் ஊரில் ஆபரேஷன் என்றால் உயிருக்கு ஆபத்து என்பதே அனுபவம்.

எப்படி அழைப்பது

‘ஏழாம் நம்பர் பெட்’, ‘ஏ பொண்ணு’, ‘அந்த வடக்கத்திக்காரி’ என்பவற்றை வார்டிலிருந்து முழுமையாக நீக்க வேண்டும். மொழி புரியாதவருக்கும் குரலின் தொனி புரியும். ‘வடக்கன்’ என்ற சொல்லை இங்கே சில மாதம் வாழ்ந்த எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், அது எந்த மனநிலையில் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே.

பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்க முயன்று, அந்தப் பெயராலேயே அழையுங்கள். இந்தி பேசுபவர் என்றால் பெயரோடு ‘ஜி’ சேர்ப்பது இயல்பான மரியாதை. ‘தீதி’ என்ற அழைப்பு இந்தி, வங்காளம் இரண்டிலும் அக்கா என்ற உறவைக் குறிக்கும், பெரும்பாலான இடங்களில் பிழையாகாது. வயதில் மூத்த உறவினர் உடன் வந்திருந்தால் ‘மாஜி’ என்று அழைக்கலாம்.

தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என இரண்டு படிகள்; இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் மூன்று படிகள் உண்டு. நம் ஊழியர்கள் பலர் சினிமாவிலும் கடைத்தெருவிலும் கற்ற ‘ஜாவ்’ (போ), ‘பைட்டோ’ (உட்கார்), ‘லேட்டோ’ (படு) என்ற ஏவல்கள் நடுப்படியைச் சேர்ந்தவை. முன்பின் அறியாத பெண்ணிடம், அதுவும் உரத்த குரலில் சொல்லும்போது, அவை கட்டளையாகவே விழுகின்றன. ‘ஜாயியே’, ‘பைட்டியே’, ‘லேட்டியே’ என்று மாற்றிச் சொல்வதற்கு ஒரு வினாடிகூடக் கூடுதலாகத் தேவையில்லை. அவரைக் குறிக்க ‘ஆப்’ என்ற சொல்லையே எப்போதும் பயன்படுத்துங்கள். நமக்குத் தெரிந்த இந்தி பத்துச் சொற்களே என்றாலும், அந்தப் பத்தும் மரியாதை வடிவத்தில் இருக்கட்டும்.

பதிவு மேசையில் எழும் ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவரின் பெயரைக் கேட்டதும் சில பெண்கள் வாயடைத்து நிற்பார்கள். கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் உச்சரிக்காத வழக்கம் வட மாநிலக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. நம் பாட்டிமார்களிடம் நாம் பார்த்த வழக்கம்தான் அது. ‘புருஷன் பேர்கூடத் தெரியாதா?’ என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி சொல்வது, வந்த முதல் நிமிடத்திலேயே அவரைச் சிறுமைப்படுத்திவிடும். ஆதார் அட்டையையோ தாய்–சேய் நல அட்டையையோ கேட்டு வாங்கிப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது. எழுத்துக்கூட்டும் சரியாக அமையும்.

விவரம் கேட்கும் முறை: ‘ஹாங்’ என்ற பதிலை நம்பாதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மருத்துவரையும் செவிலியரையும் எதிர்த்துப் பேசக் கூடாது, புரியவில்லை என்று சொல்லி அவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற அடக்கத்தில் வளர்ந்த பெண், எந்தக் கேள்விக்கும் ‘ஹாங்’ என்றே பதில் தருவார். அதை நாம் சம்மதமாகவும் புரிதலாகவும் எழுதிக்கொள்கிறோம். ‘மாத்திரை சாப்பிட்டீங்களா?’ ஹாங். ‘குழந்தை அசையுதா?’ ஹாங். ‘சமஜ் கயீ?’ (புரிந்ததா?) ஹாங். இந்த மூன்று பதில்களிலும் ஒரு தகவலும் இல்லை.

இதற்கு மாற்று, ஆம்–இல்லை என்று முடியாதபடி கேள்வியை அமைப்பது. பனிக்குடம் உடைந்ததா என்று கேட்காமல், கையால் நீர் வழிவதைக் காட்டி ‘பானி கப் நிக்லா?’ என்று கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சுட்டுங்கள். அவர் விரலால் மணியைக் காட்டுவார். வலி இருக்கிறதா என்பதற்குப் பதிலாக, ‘தர்த் கப் சே?’ (எப்போதிலிருந்து வலி?) என்று கேளுங்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது அட்டையைக் கையில் கொடுத்து, எதை எந்த வேளையில் எடுக்கிறார் என்று காட்டச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கிய ஒன்றை அவர் புரிந்துகொண்டாரா என்று அறிய, ‘ஆப் பதாயியே’ என்று கூறி, அவரே திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். சொல்ல முடியாமல் தயங்கினால், ‘நான் சரியாகச் சொல்லவில்லை, மறுபடியும் சொல்கிறேன்’ என்று பழியை உங்கள் மேல் ஏற்றிக்கொண்டு மீண்டும் விளக்குங்கள். இந்தச் சிறு பணிவு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை அவருக்குத் தரும்.

கடைசி மாதவிலக்குத் தேதியைப் பலரால் ஆங்கில மாதத்தில் சொல்ல முடியாது. நம் ஊர்ப் பெண்களிடம் ‘பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டுத் தேதியைப் பிடிக்கும் அனுபவம் நமக்கு உண்டு. அதே முறையை அவர்கள் பண்டிகைகளோடு பயன்படுத்தலாம். பீகார்ப் பெண்களுக்குத் தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து வரும் சட் பூஜையும் பங்குனியை ஒட்டிய ஹோலியும், வங்காளிகளுக்குத் துர்கா பூஜையும், ஒடியாக்களுக்கு ஜூன் நடுவில் வரும் ரஜ விழாவும், அசாமியருக்கு நம் சித்திரை முதல் நாளை ஒட்டிவரும் பிஹுவும், இஸ்லாமியருக்கு ரம்ஜானும் பக்ரீத்தும் அடையாளக் கற்கள். அந்த ஆண்டின் பண்டிகைத் தேதிகளை எழுதிய ஒரு தாளைப் புறநோயாளி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். கர்ப்ப வாரத்தைத் தவறாகக் கணித்து, குறைமாதம் என்றும் நாள் கடந்தது என்றும் குழம்புவதை இது பெருமளவு குறைக்கும்.

முன்பு கர்ப்பம் கலைந்தது, கருக்கலைப்பு செய்தது, முதல் குழந்தை இறந்தது, வீட்டில் அடி வாங்குவது ஆகியவற்றைக் கணவரும் பிற நோயாளிகளும் கேட்கும்படி ஒருபோதும் கேட்காதீர்கள். மறைக்கத் திரை இல்லாவிட்டால், எடை பார்க்கும் சாக்கிலோ சிறுநீர்ப் பரிசோதனைச் சாக்கிலோ அவரைத் தனியே அழைத்துக்கொள்ளலாம்.

யாரை மொழிபெயர்க்கச் சொல்வது

நடைமுறையில் நமக்குக் கிடைப்பவர்கள் கணவர், பக்கத்து லைன் வீட்டுப் பெண், வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்ட் அல்லது சூப்பர்வைசர், சில நேரம் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் மூத்த குழந்தை. இவர்களில் யாரையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம்.

வழி சொல்ல, உணவு பற்றிக் கேட்க, காகிதங்களை நிரப்பக் கணவர் உதவலாம். ஆனால் பல குடும்பங்களில் மாதவிலக்கு, உடலுறவு, கருத்தடை ஆகியவற்றை ஆண்களிடம் பெண்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. கேள்வி அவர் வழியாகப் போனால் பதில் பாதியாகத்தான் திரும்பி வரும். ஏஜென்டையும் சூப்பர்வைசரையும் மருத்துவ விவரம் எதற்கும் அழைக்கக் கூடாது என்பதை வார்டு விதியாகவே வைக்க வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, காசநோய் பற்றிய ஒரு சொல் அவர் காதில் விழுந்தால் அந்தக் குடும்பத்தின் வேலையும் வீடும் போய்விடலாம். குழந்தையைப் பயன்படுத்துவது அறவே கூடாது; தாயின் ரத்தப்போக்கைப் பற்றி எட்டு வயதுச் சிறுமி மொழிபெயர்க்கும் நிலையை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

அப்படியானால் யார்? முதலில், பிரசவம் அனுபவித்த, அந்தத் தாயே விரும்பிச் சொல்கிற ஒரு பெண். இரண்டாவது, மருத்துவமனைக்குள்ளேயே அந்த மொழி அறிந்த ஊழியர்: மருத்துவ மாணவி, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர் எவராகவும் இருக்கலாம். அவர்கள் பெயரையும் எண்ணையும் பணி நேரத்தையும் ஒரு பட்டியலாக்கி, மற்றவர் ரகசியத்தைக் காப்பது பற்றி ஒருமுறை தெளிவாகச் சொல்லி வையுங்கள். மூன்றாவது, ஊரிலிருக்கும் தாயோ அக்காவோ கைபேசியில் ஒலிபெருக்கி வழியாகப் பேசுவது. மொழி உதவியோடு மன தைரியமும் இதில் கிடைக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலிகளை ‘சாப்பிட்டீர்களா’, ‘அட்டை எங்கே’ போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். ஒப்புதல் பெறுவதற்கும் துயரச் செய்தி சொல்வதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதும் நீங்கள் பார்க்க வேண்டியது தாயின் முகத்தை. ‘அவங்ககிட்ட இப்படிச் சொல்லுங்க’ என்று வேறு பக்கம் திரும்பிப் பேசாமல், அவரை நோக்கியே ஒரு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். அது மொழிபெயர்க்கப்பட்ட பின் அடுத்ததைச் சொல்லுங்கள்.

தொடுவதற்கு முன்

உள்பரிசோதனைக்கு முன் திரையை இழுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கையுறையைக் காட்டிச் சைகையால் விளக்கி, அவர் தலையசைத்த பிறகே தொடங்குங்கள். வலி வந்தால் நிறுத்தச் சொல்ல ஒரு சைகையையும் கற்றுக்கொடுங்கள். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டினால் போதும். சிக்கலற்ற பிரசவத்தில் வலி தீவிரமடைந்த பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை உள்பரிசோதனை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; மொழி தெரியாதவர் மறுக்க மாட்டார் என்பதற்காக ஒவ்வொரு மாணவரும் வந்து பார்த்துச் செல்வது கொடுமை. ஆண் மருத்துவரைத் தவிர்க்க விரும்பும் பெண்களிடம் முன்னதாகவே, ‘பெண் மருத்துவர் இருக்கும் நேரம் இது, அவசரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே பார்க்க நேரும், அப்போதும் ஒரு செவிலியர் உங்கள் அருகில் இருப்பார்’ என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

வலி நேரத்தில்

வலி உச்சத்தை எட்டியபின் புதிய சொற்களைக் கற்றுத்தர இயலாது. அதனால் அட்மிட் ஆன முதல் மணி நேரத்திலேயே, இரண்டு வலிகளுக்கு இடையே, மூன்று சொற்களையும் அவற்றுக்கான சைகைகளையும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விட, ‘ஸான்ஸ் லீஜியே’ என்று சொல்லி மார்பில் கைவைத்து ஆழ மூச்சிழுத்துக் காட்டுங்கள். முக்குவதற்கு ‘ஜோர் லகாயியே’ என்று கூறி கைமுட்டியை இறுக்கிக் காட்டுங்கள். முக்காமல் இருக்க ‘அபீ நஹீங்’ என்று சொல்லி, உதட்டைக் குவித்து விளக்கை ஊதி அணைப்பது போலச் சிறு சிறு மூச்சாக ஊதிக் காட்டுங்கள். குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் இந்த மூன்றாவது சொல் புரியாமல் போனால் தாய் முழு பலத்தோடு முக்குவார், கிழிசல் ஆழமாகும், ஆகவே இதைத்தான் அதிகம் பழக்க வேண்டும்.

பிரசவ நேரத்தில் ஒருவரே பேசுங்கள். நான்கு பேர் நான்கு பக்கமிருந்து ‘முக்கு முக்கு’ என்று கத்தும்போது தமிழ்ப் பெண்களுக்கே எதைக் கேட்பது என்று புரிவதில்லை. பேசுபவர் தாயின் தலைப்பக்கம், அவர் கண் மட்டத்தில் நிற்கட்டும்.

வலியை வெளிப்படுத்தும் விதம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். சத்தமின்றிப் பல்லைக் கடித்துக் கிடக்கும் பெண்ணுக்கு வலி இல்லை என்று எண்ணி விட்டுவிட்டால், பார்க்கும்போது கருப்பை வாய் முழுதும் திறந்திருக்கும். உரக்க அழும் பெண்ணை நாடகம் ஆடுகிறாள் என்று சொன்னால், உண்மையிலேயே கருப்பை கிழியும் வலி வந்தாலும் கவனிக்காமல் விடுவோம். குரலை வைத்து வலியை அளக்காமல், வயிற்றில் கைவைத்துக் கருப்பை இறுகுவதை எண்ணுங்கள். ‘படுக்கும்போது தெரியலையா?’ என்ற வகைப் பேச்சும் தொடையில் அடிப்பதும் எந்தத் தாயிடமும், எந்த மொழியிலும் மன்னிக்கத் தக்கவை அல்ல. அவற்றைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் மூத்த செவிலியருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

வீட்டில் மருத்துவச்சி உதவியுடன் முதல் குழந்தையைப் பெற்றவர், வலி நேரத்தில் எழுந்து குந்த முயலலாம். அடங்காமை என்று அதை அதட்ட வேண்டாம். குழந்தையின் இதயத் துடிப்பு சீராக இருந்தால் நடக்கவும், உட்காரவும், பக்கவாட்டில் சாய்ந்து படுக்கவும் விடலாம்.

பிரசவத் துணையாக, ஏற்கெனவே பிரசவித்த உறவுப் பெண் ஒருவரை அனுமதிக்கும் வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. உறவு என்ற சொல்லை இங்கே தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும். மாமியார் இல்லை என்பதால் தனியே கிடக்கட்டும் என்று விடாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணை உறவாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால்

ஏன், என்ன, பிறகு என்ன ஆகும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்றால், துடிப்பைக் கேட்கும் கருவியின் ஒலியை அவரும் கணவரும் கேட்கும்படி வைத்துக் காட்டலாம். ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் அதன் சாரத்தை அவர் மொழியில் வாய்வழியாக விளக்கி, விளக்கியவர் யார் என்பதையும் அதில் எழுதுங்கள். கையொப்பம் தாயினுடையதாக இருக்க வேண்டும். கணவர் ஊருக்குப் போன் செய்து பெரியவர்களிடம் கேட்க ஐந்து நிமிடம் கேட்டால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அதைத் தாருங்கள். ஒரு சிகிச்சைக்குப் பெற்ற ஒப்புதல் வேறொன்றுக்குச் செல்லாது என்பதைச் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

அறுவை அரங்கத்துக்கு முன் நகைகளைக் கழற்றும் இடத்தில் பல மனக்கசப்புகள் நேர்கின்றன. வங்காளி இந்துப் பெண்களின் கையில் சங்கு வளையல், சிவப்பு வளையல், இரும்பு வளையல் மூன்றும் இருக்கும். அவை அவர்களுக்குத் தாலிக்கு நிகரானவை, உடைவது கணவரின் உயிருக்குக் கேடு என்று நம்பப்படுகிறது. நெற்றி வகிட்டுக் குங்குமத்துக்கும் அதே மதிப்பு. தாலிக்கயிற்றைக் கத்தரியால் வெட்டினால் நம் வீட்டுப் பெண்ணுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவருக்கும் இருக்கும். இரும்பு வளையலை மின்கருவிப் பயன்பாட்டின் காரணமாகக் கழற்ற வேண்டியிருந்தால், காரணத்தைச் சொல்லி, அவரே சோப்பு நீரால் கழற்ற நேரம் கொடுத்து, அவர் கண் முன்னாலேயே ஒரு துணியில் முடிந்து துணையாளிடம் கொடுங்கள். கழற்றத் தேவையில்லாதவற்றை ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டால் போதும். வகிட்டுக் குங்குமத்தைத் துடைக்க எந்தத் தேவையும் இல்லை.

குழந்தை பிறந்தவுடன்

குழந்தையைத் தாயின் மார்பில் வைத்து, முகத்தைக் காட்டி, ‘பச்சா டீக் ஹை’ (குழந்தை நலம்) என்று முதலில் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்பதை அவரே பார்த்துச் சொல்லட்டும். பெண் குழந்தை என்றால் ‘பரவாயில்லை, அடுத்தது பையன்’ என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். அவர் வருந்தாதபோதும் வருந்த வேண்டிய செய்தி என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பையன் பிறந்ததற்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று வெளியே நிற்கும் கணவரிடம் யாரும் கை நீட்டாமல் பார்த்துக்கொள்வதும் மரியாதையின் பகுதியே. மொழி தெரியாதவர் அதைக் கட்டணம் என்றே நினைத்துக் கடன் வாங்கிக் கொடுப்பார். அரசு மருத்துவமனையில் பிரசவமும் மருந்தும் உணவும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உறுதிமொழி; இதை இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதல் பாலுக்கு முன் தேனோ ‘கூட்டி’ எனப்படும் மருந்துக் கலவையோ நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் வடக்கில் பல குடும்பங்களில் உண்டு. நம் ஊரில் சேனை தொடுவதும் அதுதான். எனவே ஏளனத்துக்கு இடமே இல்லை. நம் பாட்டியிடம் எப்படிச் சொல்வோமோ அப்படியே, சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி இருப்பதையும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி, விரும்பினால் பெரியவர் விரலால் நெற்றியில் தொட்டு ஆசி கூறட்டும் என்று ஒரு மாற்று வழியையும் கொடுங்கள். இஸ்லாமியத் தந்தை குழந்தையின் காதில் பாங்கு சொல்ல விரும்பினால் சில நிமிடங்கள் போதும். குழந்தையை வார்டு வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். பார்வையாளர் நேரத்தில் மாமனார் முறையில் எவரேனும் வந்தால் பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். பால் கொடுக்கும் முறையை அப்போது கற்றுத்தராமல் அந்த உறவினர் சென்றபின் வாருங்கள்.

உணவைப் பொறுத்தவரை, சோற்றோடு இரண்டு சப்பாத்தி கொடுக்க முடிந்தால் நல்லது. வீட்டிலிருந்து வரும் ஓமம், சுக்கு லட்டுகளைத் தடுக்கக் காரணமில்லை.

கருத்தடை பற்றிப் பேசும்போது

வலியில் துடிக்கும் பெண்ணிடம், கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைக் கருவியான காப்பர் டி பற்றிக் கேட்டு, அவர் சொல்லும் ‘ஹாங்’கை ஒப்புதலாக எழுதுவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போது, கருவியைக் கையில் கொடுத்துக் காட்டி, எத்தனை ஆண்டு இருக்கும், எங்கே எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்தக் குறைவும் வராது என்று விளக்கிக் கேட்க வேண்டும். அப்போது பேசாமல் விட்டுப்போனால், பிரசவ மேசையில் கேட்காதீர்கள். ஆறு வாரம் கழித்துப் பேசலாம். கருவி பொருத்தியது தெரியாமலேயே ஊருக்குத் திரும்பி, ரத்தப்போக்கோடு மருத்துவர் மருத்துவராக அலையும் பெண் அதன்பின் எந்த அரசு மருத்துவமனையையும் நம்ப மாட்டார்.

குழந்தை இறந்துவிட்டால்

நம்பகமான மொழிபெயர்ப்பாளர் வரும்வரை அரைகுறைச் சொற்களால் எதையும் சொல்ல முற்படாதீர்கள். அதேவேளை ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தும் அவரைத் தனியே விட்டு நகராதீர்கள். அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு காத்திருங்கள். மொழிபெயர்ப்பாளர் வந்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லச் செய்யுங்கள். குழந்தையைப் பார்க்க, கையில் ஏந்த விருப்பமா என்று கேளுங்கள். பார்க்கக் கூடாது என்று நாமாக முடிவெடுக்க வேண்டாம். மற்றத் தாய்மார் குழந்தைகளோடு இருக்கும் வார்டிலிருந்து வேறு படுக்கைக்கு மாற்றுங்கள். இந்த ஊரில் அவர்களுக்குச் சுடுகாடோ இடுகாடோ தெரியாது. எங்கே, யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்பதைக் கணவருக்கு எழுதிக் கொடுத்து, முடிந்தால் ஓர் ஊழியரை உடன் அனுப்புங்கள். மார்பில் பால் கட்டி வலிக்கும் என்பதையும் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அனுப்புவதற்கு முன் ஒரு பெண் ஊழியர் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலும் மறந்துபோகிற செய்தி இது.

வீட்டுக்கு அனுப்பும்போது

அபாய அறிகுறிகளைப் படமாகக் காட்டுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கடும் தலைவலியும் கண் மங்கலும், வலிப்பு, காலில் வீக்கத்தோடு வலி. குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்திருப்பதும் உடல் சில்லிடுவதும் மஞ்சள் நிறமாவதும் அப்படியே. ஒவ்வொரு படத்தையும் காட்டி ‘இது வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று அவரைச் சொல்ல வையுங்கள். 108ஐ அழைத்தால் இருப்பிடத்தைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே தெருவும் அருகிலுள்ள அடையாளமும் தமிழில் எழுதிய சீட்டு ஒன்றை, வீட்டுக்கார அம்மாளிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ காட்டும்படி, கணவரிடம் கொடுங்கள்.

பிறப்புப் பதிவை 21 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தாய், தந்தை பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதாமல் ஆதார் அட்டையின் ஆங்கில எழுத்துக்கூட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்திடும் முன் அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த, ஊருக்குப் போன குடும்பம் இரண்டு நாள் ரயிலேறித் திரும்ப வேண்டியிருக்கும்.

இவர்களில் பலர் சில வாரங்களில் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த தடுப்பூசியும் அடுத்த பிரசவமும் பீகாரின் கயாவிலோ ஒடிசாவின் பலாங்கீரிலோ நடக்கலாம். அங்குள்ள மருத்துவரால் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாது. எனவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தை ஆங்கிலத்தில், கையெழுத்துப் புரியும்படி எழுதுங்கள்: ரத்த வகை, நெகடிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகைச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போடப்பட்டதா, சிசேரியன் என்றால் எதற்காக, கருப்பையில் எந்த வகை வெட்டு, காப்பர் டி உண்டா இல்லையா, பிறந்தவுடன் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிகள் எவை, அடுத்தது எந்தத் தேதியில். அதன் ஒரு படத்தைக் கணவரின் கைபேசியிலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.